நாற்சந்தியில் நிற்பவர்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பேத்தியை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட்டேன். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து பஸ் தீவுத்திடல் வழியாகப் போயிற்று. நாலா பக்கமும் வண்டிகள் விரைந்துகொண்டிருக்க, நடுவிலே உயர்ந்த கல்பீடத்தின் மேல் குதிரை ஏறி அமர்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரத் துரையைக் கண்டதும் குழந்தை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா! அவர் யார்?"

"மன்றோ துரை, அம்மா."

"எதற்காக அங்கே நிற்கிறார்?"

"அவர் எங்கே நிற்கிறார்? குதிரையல்லவா நிற்கிறது!" என்று சொல்லி அப்போதைக்குத் தப்பித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை. வீட்டுக் கூடத்தில் யார் யாருடைய படங்களை மாட்டுவது என்று வீட்டுக்காரர் தீர்மானிக்கிறார். நகரத்தின் நாற்சந்திகளிலும், பூங்காக்களிலும், ஊர் வாசல்களிலும் யாரை நிறுத்துவது என்று தீர்மானிப்பவர் யார்? கவனித்துப் பார்த்தால், எந்தக் காலத்தில் அந்த வீட்டுக்கு எஜமானராக இருந்தவர் யாரோ, அவரே தீர்மானித்திருக்கிறார் என்பது விளங்கும். சென்னைப் பட்டணத்துச் சிலைகளின் கதையே இதற்குப் போதுமான சாட்சி.

முதலில் மன்றோவைப் பார்ப்போம். ஸர் தாமஸ் மன்றோ 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். ஜமீன்தார்களை நடுவில் வைக்காமல் குடியானவனோடு சர்க்கார் நேரே வரிக்கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறையை நம் மாகாணத்தில் வேரூன்றச் செய்தவர். இந்தியர்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளும் காலம் ஒன்று வரவேண்டும், அதுவரையில்தான் ஆங்கில ஆட்சிக்கு இங்கே வேலை என்ற கருத்தை 1824-லேயே எழுதி வைத்த மனிதர். 1827 ஜூலையில் பட்டிக்கொண்டா என்ற ஊரில் காலராவால் இறந்துபோனார். பொதுமக்களிடம் நிதி திரட்டி, ஸர் பிரான்ஸிஸ் சான்ட்ரி என்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு வெண்கலத்தில் செய்வித்து, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து 1839-ல் இந்தச் சிலையை நிறுத்தினார்கள்.

இந்தக் குதிரைக்குச் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சென்னைவாசிகளுக்கு இதைப் பற்றி ஒரு கதை உண்டு. சிற்பி அங்கவடியை வைக்க மறந்துபோனானாம். சிலையைத் திறந்து வைத்த பிறகு யாரோ ஒரு சிறுவன் அதைச் சுட்டிக் காட்ட, அவமானம் தாங்காமல் சிற்பி உயிரை மாய்த்துக்கொண்டானாம்! நானும் சிறு வயதில் இந்தக் கதையை நம்பி அந்தச் சிற்பிக்காக மிகவும் வருந்தியிருக்கிறேன். உண்மை என்னவென்றால், சான்ட்ரி செய்த குதிரை வீரர் சிலைகள் மொத்தம் மூன்று. லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் இருக்கும் நான்காம் ஜார்ஜ் மன்னர் ஒன்று. அதே நகரத்தில் ராயல் எக்ஸ்சேஞ்சுக்கு எதிரே இருக்கும் வெல்லிங்டன் பிரபு ஒன்று. நம் மன்றோ ஒன்று. மூன்று குதிரைகளுக்குமே அங்கவடி கிடையாது. ஒரு மனிதன் ஒரு முறை மறக்கலாம். மூன்று முறையுமா மறப்பான்? பழங்கால ரோமாபுரிச் சிற்பங்களைப் பின்பற்றி வேண்டுமென்றே விட்டிருக்கிறான். ஆனாலும் கதை கதைதான். ஒரு சிலையை ஜனங்கள் தங்களுடையதாக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம், அதைப் பற்றி அவர்கள் ஒரு பொய்க் கதை கட்டியிருப்பதே என்று எனக்குத் தோன்றுகிறது. மன்றோ இன்றைக்கும் அங்கே நிம்மதியாக வீற்றிருக்கிறார். அவரைப் பெயர்க்க வேண்டும் என்று ஒரு பெரிய கிளர்ச்சி நடந்ததில்லை.

எல்லாத் துரைகளுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

அண்ணா சாலைக்கு மவுண்ட் ரோடு என்று பெயர் இருந்த காலத்தில், ஸ்பென்ஸர் கடைக்கு எதிரே இன்னொரு வெண்கலத் துரை நின்றுகொண்டிருந்தார். ஜெனரல் நீல் என்பது அவர் பெயர். சென்னைத் துப்பாக்கிப் படையோடு 1857-ல் வடக்கே போனவர். காசியிலும் அலகாபாத்திலும் விசாரணை என்ற பெயருக்குக்கூட இடமில்லாமல் கண்டவர்களைத் தூக்கிலிட்டவர். கான்பூரிலே, வெள்ளைக்கார ஸ்திரீகளும் குழந்தைகளும் கொலையுண்ட வீட்டின் தரையில் உறைந்திருந்த ரத்தத்தைக் கைதிகளின் நாவால் நக்கச் செய்து, அதன் பிறகு அவர்களைத் தூக்கு மரத்துக்கு அனுப்பியவர். அதே ஆண்டு செப்டம்பரில் லக்னௌவில் குண்டடிபட்டு மாண்டார். மாத்தியூ நோபிள் என்ற சிற்பி செய்த அவருடைய சிலையைச் சென்னையின் பிரதானமான ராஜபாட்டையில் நிறுத்தினார்கள். கடைக்குப் போகிறவர்களும், கச்சேரிக்குப் போகிறவர்களும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு காலம் அவர் காலடியைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

1927 ஆகஸ்டில் இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று சில இளைஞர்கள் புறப்பட்டார்கள். திருநெல்வேலி சோமயாஜுலு முன்னின்று நடத்திய அந்த இயக்கத்திற்கு நீல் சிலை சத்தியாக்கிரகம் என்று பெயர். தொண்டர்கள் சுத்தியல் முதலிய கருவிகளோடு சிலையை அணுகுவார்கள். ஓர் அடியோ இரண்டு அடியோ விழுவதற்குள் போலீஸார் பிடித்துக்கொள்வார்கள். நீதிபதி தண்டனை விதிப்பார். மறுபடியும் வேறு தொண்டர்கள் வருவார்கள். இந்துக்களும் வந்தார்கள், முஸ்லிம்களும் வந்தார்கள். கடலூரிலிருந்து அஞ்சலை அம்மாள் என்ற மாதரசி, அம்மாக்கண்ணு என்ற தம் சிறு பெண்ணோடு வந்து இந்தப் போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். அந்தக் குழந்தையைத்தான் மகாத்மா காந்தி பின்னர் வார்தாவுக்கு அழைத்துச் சென்று லீலாவதி என்று பெயரிட்டு வளர்த்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த என் பேத்தியின் வயதுதான் அப்போது அவளுக்கும் ஏறக்குறைய இருந்திருக்கும். அந்த வயதில் ஒரு பெண் குழந்தைக்கு ஒரு சிலை வேண்டாதவருடையது என்று தெரிந்திருக்கிறது!

காந்தியடிகள் அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னைக்கு வந்தபோது தொண்டர்கள் அவரிடம் யோசனை கேட்டார்கள். நீல் சிலை அங்கே இருக்கக்கூடாது என்பதில் அவருக்கு மாறுபாடில்லை. ஆனால் கல்லின் மேலும் வெண்கலத்தின் மேலும்கூடக் கோபத்தோடு கை வைப்பது சத்தியாக்கிரகம் ஆகுமா என்பதில்தான் அவருக்குக் கவலை. அகிம்சை வழி தவறாமல் நடத்துங்கள் என்று அறிவுறுத்தினார். போராட்டத்திற்குத் தலைமை ஏற்க விருதுநகர்க் காமராஜ் ஆயத்தமாக இருந்தார். அதற்குள் சைமன் கமிஷன் வருகிறது என்ற செய்தி வந்துவிட்டது. தேசத்தின் கவனமெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியதால் நீல் துரைக்கு இன்னும் பத்து வருஷ ஆயுள் கிடைத்தது.

1937-ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் மந்திரி சபை அமைந்தது. அந்த ஆண்டிலேயே சிலையைப் பீடத்திலிருந்து இறக்கி எழும்பூர்க் காட்சிச்சாலைக்குக் கொண்டு போய்விட்டார்கள். அடித்து நொறுக்கவில்லை, உருக்கிப் பாத்திரம் வார்க்கவில்லை, செத்த காலேஜ் என்று ஊரார் சொல்லும் இடத்தில் கொண்டு வைத்தார்கள். நாற்சந்தியில் நிற்கிறவரை வணங்கும்படி ஊர் நம்மைக் கேட்கிறது. காட்சிச்சாலையில் நிற்கிறவரைத் தெரிந்துகொள்ளும்படிதான் கேட்கிறது. பிறநாடுகளில் சிலைகளைக் கயிறு கட்டிக் கவிழ்க்கும் காட்சிகளை இக்காலத்தில் எத்தனையோ பார்க்கிறோம். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எழும்பூருக்கு அனுப்பிய அந்த முடிவு எவ்வளவு பண்பானது என்று நினைத்துக்கொள்கிறேன்.

*

வேண்டாதவரை இறக்கியாயிற்று. பிறகு யாரை ஏற்றுவது?

வெட்டவெளியில் உருவம் நிறுத்துவது துரைமார்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்த வித்தை என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. ஆநிரையை மீட்கப் போய் மாண்ட வீரனுக்கு நடுகல் நாட்டிய நாடு இது. திருவண்ணாமலைச் சீமையில் எடுத்தனூர் என்ற கிராமத்தில் பல்லவ மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. கள்ளரைக் கடித்து எஜமானனைக் காத்து நின்ற அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர் என்பதைக்கூட ஊரார் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரை மறக்கக்கூடாது என்று நினைத்த கிராமத்தாருக்குச் சிலை வைப்பதைப் பற்றி யார் என்ன கற்றுக் கொடுக்க முடியும்?

ஊர் வாசலுக்கு அழகு செய்யும் கலையையும் நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் பிரயாணம் செய்திருப்பவர்கள் அறிவார்கள். ஊர் எல்லையில் ஒரு தோப்பு. தோப்புக்குள் ஐயனார் கோயில். கோயிலுக்குப் போகும் வழியின் இரு மருங்கிலும் வரிசை வரிசையாக மண் குதிரைகள். சில ஆளுயரம், சில அதற்கு மேலும் இருக்கும். திருவிழாவுக்கு நாள் குறித்தவுடன் ஊரார் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள். இதற்குப் பிடிமண் கொடுத்தல் என்று பெயர். அந்த ஒரு பிடியோடு குளத்துக் களிமண்ணும், மணலும், வைக்கோலோ உமியோ சேர்த்துப் பிசைந்து வேலையை ஆரம்பிப்பார் வேளார். முதலில் நான்கு கால்கள், நான்கு குழாய்களைப் போல் எழும்பும். அவை சற்று இறுகிய பின் வயிறு வளரும். பிறகு கழுத்து, பிறகு தலை. உள்ளே முழுவதும் வெற்றிடம்தான். மண்ணைக் கெட்டியாக அடைத்தால் சூளையில் வெடித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆவி போக ஆங்காங்கே துவாரம் விடுவார். கழுத்தில் மணிமாலை, மார்பில் யாளி முகம், சேணம், குஞ்சம் எல்லாவற்றையும் விரலாலேயே ஒட்டிவிடுவார். வைக்கோலும் வறட்டியும் அடுக்கிச் சுட்டு எடுத்து வர்ணம் தீட்டியானதும், ஊரே கூடி மேளதாளத்தோடு எல்லைக்குத் தூக்கிச் செல்லும். அதற்குப் புரவி எடுப்பு என்று பெயர்.

அடுத்த புரவி எடுப்புக்குப் புதுக் குதிரைகள் வரும். பழைய குதிரைகளை யாரும் அப்புறப்படுத்துவதில்லை. காது உடைந்தது ஒன்று, வயிற்றிலே மரம் முளைத்தது ஒன்று, காலைத் தவிர வேறொன்றும் மிஞ்சாதது ஒன்று, இப்படி அவை தோப்பிலேயே மெல்ல மெல்ல மண்ணோடு மண்ணாகப் போய்க்கொண்டிருக்கும். எந்தக் குளத்து மண்ணோ, அந்த ஊருக்கே திரும்பிவிடுகிறது. செய்தவர் பெயரும் அதில் இல்லை, கொடுத்தவர் பெயரும் அதில் இல்லை.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் இந்நாளில் வைக்கப்படும் சிலைகளைப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் நடந்ததை ஒன்று சொல்கிறேன். ஊருக்கு உபகாரியாக இருந்த ஒரு பெரியவர் காலமான பின் அவருக்குச் சிலை வைப்பதென்று ஒரு கமிட்டி கூடிற்று. நானும் சந்தா கொடுத்தேன். பெரியவர் பிழைத்திருந்த காலத்தில் ஒரே ஒரு படம்தான் எடுத்துக்கொண்டிருந்தார். அதுவும் நேர்முகமாக, விறைத்துக்கொண்டு. அந்தப் படத்தைச் சிற்பியிடம் கொடுத்தார்கள். திறப்பு விழாவன்று திரையை விலக்கியதும் முன்பக்கம் நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். பக்கவாட்டில் நின்ற பெரியவருடைய மனைவியார் மட்டும், "இது யாரையா?" என்று கேட்டார். சிமென்டினால் செய்து, தங்க வர்ணம் பூசி, சுவரொட்டியைப் போல முன்னிருந்து மட்டும் பார்க்கத்தக்க உருவமாக அது இருந்தது. மூன்று மழைக்காலத்தில் மூக்கு கரைந்தது. இப்போது அது யாருடையது என்று நேர்முகமாகப் பார்த்தாலும் தெரியாது.

வெளியில் நிற்கும் சிற்பத்திற்கு நாலு பக்கமும் முகம் வேண்டும். கோயில் கருவறையில் இருக்கும் மூர்த்தியை நாம் ஓரிடத்தில் நின்று தரிசிக்கிறோம். நாற்சந்தியில் நிற்பவரை ஒருவன் முதுகுப்புறமாக வந்து பார்க்கிறான். ஒருவன் பஸ்ஸில் போகும்போது ஒரு கணம் பார்க்கிறான். ஒருவன் அண்ணாந்து பார்க்கிறான். உயரத்தில் வைக்கும் உருவத்தின் தலை கீழேயிருந்து பார்க்கையில் சிறுத்துத் தோன்றும் ஆதலால், சற்றுப் பெரியதாகவே செய்யவேண்டும். வெயில் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் ஒரு விதமாகவும் விழும். மேடு பள்ளங்கள் ஆழமாக இல்லாவிட்டால் நடுப்பகலில் முகமே மறைந்துபோகும். கன்னியாகுமரிப் பாறையின் மேல் நிற்கும் திருவள்ளுவரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கணபதி ஸ்தபதியின் தலைமையில் கருங்கல்லால் எழுப்பி 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி திறந்து வைத்தது அது. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காகப் பீடம் 38 அடி. ஏனைய இரண்டு பால்களின் 95 அதிகாரங்களுக்காக உருவம் 95 அடி. அவ்வளவு கல்லையும் அடுக்கிவிட்டு, இடுப்பிலே ஒரு சிறு வளைவு வைத்தாரே, அங்கேதான் ஸ்தபதியின் கைவண்ணம் இருக்கிறது. அந்த வளைவு இல்லாவிட்டால் அது கல் தூணாகியிருக்கும். 2004-ல் ஆழிப்பேரலை வந்து மோதியபோதும் அது அசையவில்லை.

*

இவ்வளவையும் யோசித்து முடிப்பதற்குள் கடற்கரை வந்துவிட்டது. சர்வகலாசாலைக் கட்டடத்திற்கு எதிரே இறங்கிக்கொண்டோம். நான் குழந்தையை அழைத்துக்கொண்டு வந்தது முக்கியமாக ஒரு சிலையைக் காட்டத்தான்.

தேவிபிரசாத் ராய் சௌத்ரி என்ற வங்காளி 1929-ல் சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைவராக வந்தார். 1850-ல் ஆங்கிலேயர் ஒருவர் தோற்றுவித்த அந்தப் பள்ளியில் ஏறக்குறைய முப்பது வருஷம் இருந்து, பணிக்கர், தனபால் போன்ற பெரிய கலைஞர்களை உருவாக்கினார். அபனீந்திரநாத் தாகூரிடம் சித்திரம் பயின்றவர். அதே சமயத்தில் குஸ்தியும் பழகியவர். மனித தேகத்தின் நரம்பும் தசையும் அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயமல்ல. 1942 ஆகஸ்ட் 11-ஆம் தேதி பாட்னா சர்க்கார் மாளிகையின் மேல் தேசியக் கொடியேற்றச் சென்று குண்டுக்கு இரையான ஏழு மாணவர்களின் நினைவுச் சின்னம் இவருடைய சிருஷ்டியே. நம் கடற்கரையில் கோலை ஊன்றி நடந்துவரும் காந்தியடிகளும் இவர் செய்ததுதான். 1959 ஏப்ரலில் நேரு வந்து திறந்து வைத்தார்.

அதற்கு மூன்று மாதம் முன்னதாக, 1959 ஜனவரி 25-ஆம் தேதி, குடியரசு தினத்துக்கு முந்தின நாள் வைக்கப்பட்டது உழைப்பாளர் சிலை. நால்வர் ஒரு பெரும் பாறையை நகர்த்துகிறார்கள். கம்பைக் கொடுத்து நெம்புகிறார்கள். உடம்பு முழுவதையும் சாய்த்துத் தள்ளுகிறார்கள். இடுப்பில் ஒரு துணி தவிர வேறு உடையில்லை. விலா எலும்பு தெரிகிறது. முதுகுத் தண்டு வில்லாக வளைந்திருக்கிறது. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் யாராவது ஒருவருடைய முகம் தெரிகிறது. அல்லது முதுகு தெரிகிறது. முதுகும் முகத்தைப் போலவே பேசுகிறது. இதற்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அந்தக் கலைப்பள்ளியின் வாயில் காவலர்தான். ராஜாக்களும் கவர்னர்களும் நின்ற பட்டணத்தில், சிற்பி தன் பள்ளிக்கூட வாசலிலேயே தேடிப் பிடித்து ஒரு மனிதரைப் பீடத்தின் மேல் ஏற்றிவிட்டார். 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் தடவையாக மே தினம் கொண்டாடியதும் இதே கடற்கரையில்தான்.

வெண்கலத்தில் இவ்வளவு பெரிய வேலை செய்வதற்கு முதலில் களிமண்ணில் முழு உருவையும் செய்து, அதன் மேல் அச்செடுத்து, உள்ளே வெற்றிடம் விட்டுச் சுவரைப் போல் உலோகத்தை வார்க்க வேண்டும். ஐயனார் குதிரையின் வயிற்றில் வெற்றிடம் விடுகிற வேளாருக்கு இந்தச் சூட்சுமத்தை விளக்க வேண்டியதேயில்லை. சுவாமிமலையில் நடராஜ மூர்த்தியைக் கெட்டியாகவே வார்ப்பது வழக்கம். ஆனால் ஆளுயரத்துக்கு மேற்பட்ட நான்கு மனிதர்களையும் ஒரு பாறையையும் அப்படி வார்ப்பதென்றால் உலோகத்துக்கு எங்கே போவது? கனமான பகுதிகளும் மெல்லிய பகுதிகளும் ஒன்றாகக் குளிராமல் வெடிப்பும் கண்டுவிடும். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்து உதிரும். சிமென்டுக்குள் வைத்த கம்பியும் அப்படியே. வெண்கலமோ மேலே ஒரு தோல் போர்த்துக்கொண்டு உள்ளே பத்திரமாக இருக்கும்.

இந்தச் சிலைக்கு முன்னால் ஒரு மனிதனின் பெயர்கூட இல்லை. ஆகையால் ஜாதியும் இல்லை. இது சிறிய விஷயமல்ல. 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டின்போது இதே கடற்கரையில் ஔவையாரும், கம்பரும், போப்பையரும், கால்டுவெல் பாதிரியாரும் வரிசையாக வந்து நின்றார்கள்; நல்ல காரியம். அந்த வரிசையில் நின்ற கண்ணகியை 2001 டிசம்பரில் எடுத்ததும், 2006-ல் மறுபடி வைத்ததும், இரண்டிற்கும் நடுவில் நடந்த வாக்குவாதங்களும் பலருக்கு நினைவிருக்கும். பட்டணத்தில் இப்படியென்றால் கிராமங்களிலோ நிலைமை இன்னும் துயரமானது. நம் மாகாணத்தில் எத்தனையோ ஊர்களில் அம்பேத்கர் சிலையை இரும்புக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். யாராவது இரவில் வந்து உடைத்துவிட்டால் மறுநாள் காலையில் ஊர் பற்றி எரியும் என்ற பயம். தீண்டாமையை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் போராடியவர் கம்பிகளுக்குப் பின்னால் நிற்கிறார். எந்தக் கூண்டையும் நான் இவ்வளவு வெட்கத்தோடு பார்த்ததில்லை. பொதுப் பாதைகளிலும் நடைபாதைகளிலும் புதிதாகச் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்பது அந்த உத்தரவின் காரணங்களில் ஒன்று. சிலையால் பாதைக்கு இடைஞ்சல் என்பதை ஒரு கோர்ட்டு தீர்த்துவிடலாம். கூண்டுக்குப் பூட்டுப் போடும்படி செய்வது எதுவோ, அதைத் தீர்க்க எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

குழந்தை இதற்குள் சிலையை மூன்று தடவை சுற்றி வந்துவிட்டாள்.

"இவர்கள் பெயர் என்ன, தாத்தா?"

"பெயர் எழுதவில்லை, அம்மா."

"அந்தக் கல்லை எங்கே கொண்டு போகிறார்கள்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சிறிது நேரம் அவள் பாறையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேலிக்கு இப்பால் நின்றபடி, நால்வரில் கடைசி மனிதரைப் போலவே ஒரு காலைப் பின்னுக்கு ஊன்றி, இரண்டு கைகளையும் நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு காற்றைத் தள்ள ஆரம்பித்தாள். சுண்டல் விற்றுக்கொண்டு வந்த பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவனும் அவள் பக்கத்தில் நின்று தள்ளினான்.